விடுதி மதரஸாவும் கைப்பேசியும்: இணையத் தீவிரவாதத்தைக் கருணைக் கல்வியால் எதிர்கொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் விடுதியோடு இயங்கும் அரபுக் கல்லூரிகள், குர்ஆனை மனனம் செய்யும் ஹிஃப்ழ் மதரஸாக்களின் நிர்வாகிகள், உஸ்தாதுகள் (ஆசிரியர்கள்), பிள்ளையை ஓத அனுப்பியிருக்கும் பெற்றோர் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

"கருணைக் கல்வி" என்று புதிதாக ஒரு பாடத்திட்டமா?

இல்லை, பழையதுதான். ஹதீஸ் (நபிமொழி) கற்பிக்கும் மரபில் ஆசிரியரிடம் மாணவர் முதன்முதலாகக் கேட்கும் ஹதீஸ் என்று ஒன்று உண்டு: "இரக்கம் காட்டுபவர்களுக்கு அளவற்ற அருளாளன் இரக்கம் காட்டுகிறான், பூமியில் உள்ளவர்கள் மீது இரக்கம் காட்டுங்கள், வானில் உள்ளவன் உங்கள் மீது இரக்கம் காட்டுவான்." அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அறிவிக்கும் இது திர்மிதீ, அபூதாவூத் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. ஒவ்வோர் ஆசிரியரும் தம் மாணவருக்கு இதையே முதலில் சொல்லி வந்ததால் இதற்கு "முஸல்ஸல் பில் அவ்வலிய்யா" என்று பெயர். தொழுகைச் சட்டத்துக்கும் வணிகச் சட்டத்துக்கும் முன்னால் இதை வைத்தவர்கள் காரணம் இல்லாமல் வைக்கவில்லை. அந்த வரிசையைப் பாடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் விடுதியின் சமையலறை, படுக்கையறை, கைப்பேசி எல்லாவற்றுக்கும் கொண்டுபோவதைத்தான் இங்கே கருணைக் கல்வி என்கிறோம்.

அப்படியென்றால் மதரஸாவில்தான் ஆபத்து இருக்கிறது என்கிறீர்களா?

இல்லை. 2016இல் ஐஎஸ் அமைப்பின் ஆள்சேர்ப்புப் படிவங்கள் ஆயிரக்கணக்கில் கசிந்தன. அவற்றில் "ஷரீஆ அறிவு எவ்வளவு?" என்ற கேள்விக்குச் சுமார் 70 விழுக்காட்டினர் "அடிப்படை அளவு" என்றுதான் எழுதியிருந்தார்கள். உயர்நிலை என்று எழுதியவர்கள் 5 விழுக்காட்டுக்கு அருகில்தான். ஏழு வருடம் உட்கார்ந்து கிதாபு (மார்க்க நூல்) ஓதியவரைவிட, ஓதவே இல்லாமல் ஆறு மாதம் காணொளி பார்த்தவரை மயக்குவது எளிது.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு மதரஸா நிம்மதியாக உட்கார முடியாது. மார்க்கத்தின் மீது ஆர்வமும் வீட்டைப் பிரிந்த தனிமையும் ஒரே வயதில் சேரும் இடம் விடுதி. வலை வீசுகிறவர்கள் தேடுவதும் அந்தச் சேர்க்கையைத்தான்.

வலை எப்படி வீசுகிறார்கள்? எங்கள் பிள்ளைகள் அப்படிப்பட்ட தளங்களுக்கே போவதில்லையே?

யாரும் "அப்படிப்பட்ட தளம்" என்று தெரிந்து போவதில்லை. பெரும்பாலும் மூன்று கட்டமாக நடக்கிறது.

முதலில் பொதுவெளியில் ஒரு துண்டுக் காணொளி வரும். காயம்பட்ட குழந்தைகள், இடிந்த பள்ளிவாசல், பின்னணியில் ஒரு நஷீத் (இஸ்லாமியப் பாடல்). அதில் பொய்யே இல்லாமலும் இருக்கலாம். துயரம் உண்மையானதாகவே இருக்கும். பையன் இரண்டு முறை முழுதாகப் பார்த்தால், செயலியே அடுத்த பத்தைத் தேடிக் கொடுக்கும். அடுத்து, கருத்துப் பகுதியில் கோபமாக ஏதாவது எழுதுகிறவனுக்கு ஒருவர் தனியாக ஸலாம் சொல்லிச் செய்தி அனுப்புவார். மரியாதையாகப் பேசுவார், நேரம் ஒதுக்குவார், "உங்களைப் போல் சிந்திக்கிறவர்கள் குறைவு" என்பார். கடைசியில் பேச்சு டெலிகிராம் போன்ற தனிக் குழுவுக்கு மாறும். செய்திகள் தானாக மறையும்படி வைக்கப்படும். "உங்க ஹஜ்ரத்மார்களுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் சொல்ல பயப்படுவார்கள்" என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். பிள்ளையை ஆசிரியரிடமிருந்து பிரிப்பதுதான் அவர்களுடைய உண்மையான வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தமிழில் இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்ற தாக்குதல்களை நடத்திய கும்பலின் தலைவர் முகநூலிலும் யூடியூபிலும் பயான் (மார்க்க உரை) செய்தது தமிழில்தான். அவருடைய பேச்சைப் பற்றி அந்த ஊர் முஸ்லிம்களே முன்கூட்டி அதிகாரிகளிடம் புகார் கொடுத்திருந்தார்கள்.

கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டால் போதாதா?

பெரும்பாலான விடுதிகள் இதைத்தான் செய்கின்றன. பாதி பயன்தான். இரண்டாவது கைப்பேசி தலையணை உறைக்குள் வந்துவிடும், அல்லது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வெளியே போகும்போது நண்பனுடைய கைப்பேசி கிடைக்கும். ஒளித்துப் பார்ப்பதைப் பற்றி யாரிடமும் கேட்கவும் முடியாது. கண்ணில் படாமல் போவது கைப்பேசி மட்டுமல்ல, அதில் எழுந்த கேள்வியும்தான்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஹிஃப்ழ் ஓதும் சிறு பிள்ளைகளுக்குச் சொந்தக் கைப்பேசி வேண்டாம். வீட்டுக்குப் பேச விடுதியின் பொதுக் கைப்பேசி போதும், ஆனால் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்கக் கூடாது. ஆலிம் (மார்க்க அறிஞர்) வகுப்பின் பெரிய மாணவர்களுக்கு அஸர் தொழுகைக்குப் பின் மாலையில் 40 நிமிடம், கூடத்தில், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பயன்படுத்தலாம். முதாலஆ (பாடத்தைத் தானே படித்துப் பார்க்கும்) நேரத்திலும் படுக்கையிலும் கூடாது. இரவு 9:30க்குக் கைப்பேசிகள் அலுவலக அலமாரிக்குப் போகட்டும்; உஸ்தாதுகளுடையவையும் பாடநேரத்தில் சட்டைப்பைக்குள் இருக்கட்டும். இந்தக் கடைசி விதியை விட்டுவிட்டால் மற்ற விதிகளை எந்த மாணவரும் மதிக்க மாட்டார்.

வைஃபையில் குடும்ப வடிகட்டி போடுவது நல்லதுதான், செலவும் இல்லை. ஆனால் அது ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் தடுக்கும். யூடியூபில் தாடி வைத்த ஒருவர் அமைதியான குரலில் வெறுப்புப் பேசுவதை எந்த வடிகட்டியும் பிடிக்காது.

பிறகு எதுதான் பிடிக்கும்?

கேள்வி கேட்க இடம் இருப்பது. நாங்கள் சொல்லும் எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பூட்டுள்ள பெட்டி ஒன்றை உளூச் செய்யும் (தொழுகைக்கு முன் கைகால் கழுவும்) இடத்துக்குப் போகும் வழியில் வையுங்கள். அலுவலக வாசலில் வேண்டாம், யார் போடுகிறார் என்று தெரிந்துவிடும். பக்கத்திலேயே ஒரே அளவில் வெட்டிய தாளும் பேனாவும் இருக்கட்டும். வியாழன் மஃரிப் தொழுகைக்குப் பின் பெட்டியைத் திறந்து, எல்லாக் கேள்விகளையும் சத்தமாக வாசியுங்கள். இதில் நான்கு விதிகள்: எழுதியவர் யார் என்று கையெழுத்தை வைத்து ஊகிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, "இதெல்லாம் ஒரு கேள்வியா" என்று சொல்லக் கூடாது, தெரியாததை "தெரியாது, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, அடுத்த வாரம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று வாரம் "சாம்பாரில் ஏன் உப்பு இல்லை" என்றுதான் வரும். அதற்கும் பதில் சொல்லுங்கள், உப்பையும் சரிசெய்யுங்கள். பெட்டிக்கு மதிப்பு வருவது அங்கேதான். அதன் பிறகுதான் "இந்து நண்பன் வீட்டுப் பொங்கலைச் சாப்பிடலாமா", "அநியாயம் நடக்கும்போது நாம் சும்மா இருப்பது நிஃபாக் (நயவஞ்சகம்) இல்லையா" என்பவை வரும். இரண்டாவது கேள்வியைப் பார்த்துப் பதறி, யார் எழுதியது என்று விசாரணை நடத்தினால் பெட்டியை எடுத்து அட்டத்தில் போட்டுவிடலாம். இனி அதில் உப்புக் கேள்விகூட வராது.

ஒரு துண்டுக் காணொளியை மாணவர்களோடு எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஒரு பழைய உதாரணமே போதும், ஏனென்றால் சுற்றிக்கொண்டே இருப்பது அதுதான். குர்ஆனின் 9ஆம் அத்தியாயமான ஸூரத்துத் தவ்பாவின் 5ஆம் வசனத்திலிருந்து "முஷ்ரிகுகளை (இணைவைப்பவர்களை) கண்ட இடத்தில்..." என்ற ஒரு துண்டை மட்டும் எடுத்து, மேலே வாள் படம் போட்டு அனுப்புவார்கள். இதை முஸ்லிம்களிடையே வன்முறையைத் தூண்டுகிறவர்களும் அனுப்புகிறார்கள், முஸ்லிம்களை வெறுக்கிறவர்களும் அனுப்புகிறார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே கத்தரிக்கோல்.

முஸ்ஹஃபை, அதாவது குர்ஆன் பிரதியைத் திறந்து முன்னும் பின்னும் ஒவ்வொரு வசனமாக மாணவரையே வாசிக்கச் சொல்லுங்கள். 4ஆம் வசனம், உடன்படிக்கையை முறிக்காத முஷ்ரிகுகளிடம் தவணை முடியும்வரை உடன்படிக்கையைக் காப்பாற்றச் சொல்கிறது. 6ஆம் வசனம், முஷ்ரிகுகளில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, அவர் அல்லாஹ்வின் வார்த்தையைக் கேட்ட பின் அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. 13ஆம் வசனம், பேசப்படுகிறவர்கள் யார் என்று தெளிவாக்குகிறது: சத்தியத்தை முறித்தவர்கள், முதலில் சண்டையைத் தொடங்கியவர்கள். இவ்வளவும் ஒன்றிரண்டு பக்கத்துக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு 60ஆம் அத்தியாயத்தின் 8ஆம் வசனத்துக்குப் போகலாம்: மார்க்க விஷயத்தில் உங்களோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை.

உஸ்தாத் விளக்கிவிடக் கூடாது, மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். தானே கண்டுபிடித்த பையன் அதே மாதிரித் துண்டு ஐந்து மாதம் கழித்து வேறு வசனத்தோடு வந்தாலும் "முன்னாடி என்ன, பின்னாடி என்ன" என்று கேட்பான்.

படத்துக்கும் காணொளிக்கும் வேறு வேலை இருக்கிறது. வாட்ஸாப்பில் இரட்டை அம்புக்குறியோடு வந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். அதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020இலேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் பல நேரம் வேறு நாடு, வேறு வருடம் என்று தெரிந்துவிடும். பயானாக இருந்தால் முழு உரை எங்கே என்று தேடுங்கள். முழு உரை கிடைக்காதவரை அந்தத் துண்டு பற்றிப் பேச்சில்லை. "கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும்" என்று ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையிலேயே ஹதீஸ் இருக்கிறது. இஸ்னாது (ஹதீஸை அறிவித்தவர்களின் தொடர்) ஓதுகிற மாணவருக்கு இந்த வேலை அந்நியமானதல்ல. ராவியை (அறிவிப்பாளரை) விசாரிக்கிறவர் ஃபார்வர்டை விசாரிக்காமல் விடுவதுதான் விந்தை.

இந்தோனேசியாவின் பெசந்த்ரன்கள் இதில் முன்மாதிரி என்கிறார்களே?

பல விதத்தில் உண்மை. பெசந்த்ரன் என்பது அங்குள்ள விடுதி மதரஸா. மாணவருக்கு "சந்த்ரி", தலைமை ஆசிரியருக்கு "கியாய்" என்று பெயர். கிழக்கு ஜாவாவின் ஜொம்பாங்கில் 1899இல் தெபுஇரெங் பெசந்த்ரனைத் தொடங்கிய ஹாஷிம் அஷ்அரீதான் 1926இல் நஹ்ளத்துல் உலமா அமைப்பு உருவானபோதும் முன்னால் நின்றவர். ஷாஃபிஈ மத்ஹபு, தமிழகக் கடற்கரை ஊர்களுக்கு மிகவும் பழக்கமான மார்க்கச் சூழல். 2019இல் பெசந்த்ரன்களுக்கென்றே தனிச் சட்டம் (18ஆம் எண்) வந்தது. அதே ஆண்டு பஞ்சார் நகரில் கூடிய நஹ்ளத்துல் உலமா ஆலிம்கள், தேசத்தில் வாழும் முஸ்லிமல்லாத சக குடிமக்களைக் "காஃபிர்" என்று அழைக்காமல் "முவாத்தின்", அதாவது குடிமகன் என்று அழைக்கலாம் என முடிவெடுத்தார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய "பஹ்துல் மஸாயில்" முறையை. இன்றைய பிரச்சினை ஒன்றை முன்வைத்து, மாணவர்கள் அணியணியாக உட்கார்ந்து, கிதாபிலிருந்து இபாரத்தை (மூல வாசகத்தை) காட்டி வாதிடுவார்கள். வெறும் கருத்துக்கு அங்கே மதிப்பில்லை, பக்கத்தைக் காட்ட வேண்டும். நம் அரபுக் கல்லூரிகளில் நடக்கும் தக்ராரையே (மாணவர்கள் கூடிப் பாடத்தை மீட்டிப் பார்ப்பதையே) மாதம் ஒரு முறை இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் விடுதி என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. 202 பேர் உயிரிழந்த 2002 பாலி குண்டுவெடிப்பில் தொடர்புடையவர்களில் சிலர் பெசந்த்ரனில் படித்தவர்கள். கட்டடம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதில்தான் வித்தியாசம்.

பிரம்பு இல்லாமல் பிள்ளைகளை ஓதவைக்க முடியுமா? இதற்கும் தீவிரவாதத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நேரடியானது. காலையில் ஸபக் (அன்றைய பாடம்) தவறியதற்கு அடி வாங்கிய பையனிடம் மாலையில் ரஹ்மத்தை (கருணையை) பற்றிப் பயான் செய்தால், ரஹ்மத் என்பது மேடைக்கான சொல் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். பலம் உள்ளவன் அடிக்கலாம் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வான். அனஸ் (ரலி) பத்து ஆண்டு பணிவிடை செய்தும் நபி (ஸல்) ஒரு முறைகூடச் "சீ" என்று சொன்னதில்லை என்ற ஹதீஸை எல்லா உஸ்தாதும் ஓதியிருக்கிறார்.

சட்டமும் தெளிவு. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது குற்றம். நிறுவனத்தில் பணிபுரிகிறவர் செய்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஸபக் தவறுகிறவனைக் கவனித்துப் பாருங்கள்: பாதிப் பேர் தூங்காதவர்கள், மீதிப் பேருக்கு நேற்றைய பாடம் அளவுக்கு மீறியது. அரைப் பக்கத்தை ஐந்து வரியாகக் குறைத்தால் பிரம்பு தேவைப்படாது.

கருணையை எப்படிப் பயிற்சியாக்குவது? அதற்கும் பரீட்சை வைக்க முடியுமா?

பரீட்சை வேண்டாம், வேலை கொடுங்கள். சமையலறையில் முறைவைத்து உதவுவது, காய்ச்சலில் படுத்தவருக்குக் கஞ்சி கொண்டுபோவது, மாதம் இரு முறை அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு வந்தவர்களுக்கு உணவு கொடுப்பது. படம் எடுக்கக் கூடாது. படம் எடுத்தால் அது விளம்பரம். வாங்குகிறவரின் முகம் ஸ்டேட்டஸில் போவது அவரை அவமதிப்பது. யார் என்ன மதம் என்று கேட்காமல் வரிசைப்படி கொடுக்க வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ரமலானில் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில், மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த இந்துத் தொண்டர்கள் தலையில் தொப்பி அணிந்து நோன்பாளிகளுக்கு இஃப்தார் பரிமாறுகிறார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கிறது. மாணவர்களை ஒரு நாள் அங்கே நோன்பு திறக்க அழைத்துப் போங்கள். மதநல்லிணக்கம் பற்றிச் சொற்பொழிவு எதுவும் வேண்டாம். கஞ்சி ஊற்றுகிறவரிடம் பேசிவிட்டு வரட்டும்.

எதைப் பார்த்தால் கவலைப்பட வேண்டும்?

முதலில் எதற்குக் கவலைப்படக் கூடாது என்று சொல்லிவிடுகிறோம்: தாடி வளர்ப்பது, ஜுப்பா அணிவது, தஹஜ்ஜுத் எனும் பின்னிரவுத் தொழுகைக்கு எழுவது, பாட்டுக் கேட்பதை விடுவது, பாலஸ்தீனச் செய்தி பார்த்து அழுவது. இவற்றைச் சந்தேகித்தால் உண்மையான அறிகுறி வரும்போது உங்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியவை வேறு. அத்தா, அம்மாவையே காஃபிர், முர்தத் (மார்க்கத்தை விட்டு விலகியவர்) என்று சொல்லத் தொடங்குவது. நேற்றுவரை மதித்த எல்லா ஆலிம்களையும் ஒரே மூச்சில் விலைபோனவர்கள் என்பது. பெயர் சொல்லாத ஒரு "அண்ணன்" அல்லது "ஷெய்க்" பேச்சில் அடிக்கடி வருவது. செயலிகளில் இரண்டாவது கணக்கு, மறையும் செய்திகள். பழைய நண்பர்களை ஒரேயடியாக வெட்டிவிடுவது. வன்முறைக் காட்சியைப் பார்த்துச் சிரிப்பது. ஒன்று மட்டும் இருந்தால் பருவ வயதாக இருக்கலாம். மூன்று நான்கு ஒரு சில வாரங்களுக்குள் சேர்ந்து வந்தால் பேச வேண்டிய நேரம்.

அப்படி ஒரு பிள்ளை இருந்தால் முதலில் என்ன செய்வது?

கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், அந்த நிமிடமே எதிர்முனையில் இருப்பவர் மட்டும்தான் அவனைப் புரிந்துகொண்டவர் ஆகிவிடுவார். எல்லார் முன்னாலும் கண்டிக்காதீர்கள். விடுதியிலிருந்து நீக்குவது எல்லாவற்றையும்விட மோசம்: அவனைக் கவனிக்கக்கூடிய ஒரே கூட்டத்திலிருந்து அவனை நீங்களே வெளியேற்றுகிறீர்கள்.

அவனுக்குப் பிடித்த ஒரே ஒருவர் பேசட்டும். உஸ்தாதாக இருக்கலாம், மூத்த மாணவராக இருக்கலாம். முதல் உரையாடலில் மறுப்பு வேண்டாம். "எது உன்னை இவ்வளவு கஷ்டப்படுத்துது?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். பல நேரம் மார்க்கக் கேள்விக்கு அடியில் வீட்டுச் சண்டையோ அவமானமோ இருக்கும். தூக்கம் கெட்டு, மனம் உடைந்திருந்தால் டெலி-மானஸ் எனும் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். சிறுவரை யாராவது மிரட்டுகிறார், சந்திக்க அழைக்கிறார் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

வந்த செய்திகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒருவர் மட்டும் வைத்திருக்கட்டும். "பாருங்கள் எப்படி அனுப்புகிறார்கள்" என்று நிர்வாகக் குழுவில் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம். தடைசெய்யப்பட்ட அமைப்பின் பிரசாரத்தைப் பரப்புவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் (1967) வரை இழுக்கும். நல்லெண்ணத்தை அங்கே பிறகுதான் நிரூபிக்க வேண்டிவரும். செயலியிலேயே புகார் அளித்துவிட்டுத் தடைசெய்யுங்கள்.

ஆயுதம், இடம், நாள், பயணம் என்று திட்டம் பற்றிய பேச்சு வந்துவிட்டால் ஆலோசனைக்கு நேரமில்லை. பெற்றோரிடம் சொல்லி, வழக்கறிஞரை அழைத்து, அன்றே காவல்துறைக்குப் போங்கள். அவசரம் என்றால் 112.

மாணவர்களே மறுப்புக் காணொளிகள் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் மறுப்பாக வேண்டாம். "இன்னார் சொன்ன பொய்க்குப் பதில்" என்று தலைப்பிட்டால் அந்தப் பொய்யைக் கேள்விப்படாதவர்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். ஒரு காணொளிக்கு ஒரு கேள்வி, 60 முதல் 90 விநாடி, எழுத்தைத் திரையில் போட்டு. முதல் ஐந்து விநாடிக்குள் கேள்வி வந்துவிட வேண்டும். நீண்ட ஹம்து ஸலவாத்தை (இறைவனைப் புகழ்ந்து, நபிக்காக வேண்டும் தொடக்கத்தை) மனதுக்குள் ஓதிக்கொள்ளலாம். மேடைத் தமிழ் வேண்டாம், பையன் நண்பனிடம் பேசுகிற தமிழ் போதும். உஸ்தாத் ஒருவர் எழுத்துப்படியில் உள்ள ஒவ்வொரு வசன எண்ணையும் ஹதீஸ் எண்ணையும் சரிபார்த்த பிறகே படப்பிடிப்பு. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் முகம் வேண்டாம், குரல் போதும். கருத்துப் பகுதியில் சண்டை போடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே நேரம் செலவழித்த மாணவர் கோபத்தோடுதான் எழுந்து வருவார்.

பெண் பிள்ளைகளின் நிஸ்வான் மதரஸாவுக்கும் இதே முறைதானா?

இதேதான். கேள்விப் பெட்டியைத் திறந்து பதில் சொல்பவர் ஆலிமாவாக (மார்க்கம் ஓதிய பெண் ஆசிரியராக) இருக்க வேண்டும். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்கான 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி உரிமம் இருக்கிறதா என்பதைப் பெற்றோர் சேர்க்கையின்போதே கேட்டுவிடலாம்.

முஸ்லிம்களுக்கு எதிரான தீவிரவாதத்தைப் பற்றி மாணவர்களிடம் பேசலாமா, அல்லது கோபத்தைக் கிளறிவிடுமா?

பேசாமல் விட்டால்தான் கிளறும். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் அதை முகநூலில் நேரலையாகக் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அதன் சுமார் 15 லட்சம் நகல்களை அந்நிறுவனம் நீக்க வேண்டியிருந்தது. அவனும் இணையத்தில் வளர்ந்தவன்தான். காணொளியைக் காட்டாதீர்கள். எப்படி ஒருவர் அங்கே போய்ச் சேர்கிறார் என்ற பாதையை மட்டும் பலகையில் வரையுங்கள்: துயரம், தனிமை, தனிக்குழு, எதிரி. வேறு மதத்தவரின் கதையாக இருக்கும்போது மாணவர்கள் அந்தப் பாதையைத் தற்காப்பு இல்லாமல் பார்க்கிறார்கள்.

விடுமுறையில் என்ன செய்வது?

மிகப் பெரிய ஓட்டை இதுதான். ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தில் வகுப்பு முடிந்து, ரமலானுக்கு அடுத்த ஷவ்வாலில் மீண்டும் தொடங்கும்வரை பிள்ளை வீட்டில். பதினொரு மாதம் அளந்து கொடுத்த கைப்பேசி இப்போது நாள் முழுக்கக் கையில். தராவீஹ் எனும் ரமலான் இரவுத் தொழுகை முடிந்து ஸஹர் (விடியலுக்கு முந்தைய உணவு) வரை விழித்திருக்கும் இரவுகளில்தான் பார்வை அதிகம்.

விடுப்புக்கு முன் பெற்றோரை அழைத்து அரை மணி நேரம் பேசுங்கள்: கைப்பேசி கூடத்தில்தான் சார்ஜ் ஆக வேண்டும், பிள்ளை பார்ப்பதைச் சேர்ந்து பார்த்து "இவர் யாரு, எங்க ஓதினவரு?" என்று கேளுங்கள், ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் வாரம் ஒரு நாள் அனுப்புங்கள். ஹிஃப்ழ் முடித்தவர்களுக்குத் தராவீஹ் தொழவைக்கும் பொறுப்பை இப்போதே ஜமாஅத்தில் பேசி வாங்கிக் கொடுங்கள். கேள்விப் பெட்டிக்குப் பதிலாக ஓர் உஸ்தாதின் எண்ணைக் கொடுத்து, குரல்பதிவில் கேட்கலாம், இரண்டு நாளுக்குள் பதில் வரும் என்று சொல்லி அனுப்புங்கள். அந்த உஸ்தாதுக்கு ரமலான் மாத ஹதியாவோடு (அன்பளிப்போடு) கைப்பேசிக் கட்டணத்தையும் நிர்வாகம் சேர்த்துக் கொடுக்கட்டும்.